முப்பது தாண்டிய பிறகு குத்துச்சண்டை, ஜூடோ, கராத்தே: உடல்நலத்துக்காகத் தொடங்கலாமா?

திருநெல்வேலி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்தாறு. யாழ்ப்பாண நகரில் அலுவலக வேலை. காலை எட்டரை முதல் பின்னேரம் ஐந்து வரை கதிரைதான். அண்மையில் இரத்தம் சோதித்தபோது சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாக வைத்தியர் சொன்னார். மருந்து எதுவும் தரவில்லை. உடம்புக்கு வேலை கொடுங்கள், சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

ஜிம்முக்குப் பணம் கட்டினேன், மனம் ஒட்டவில்லை. பண்ணைக் கடலோரம் நடக்கப் போனால் தெரிந்தவர்கள் மறித்து, நடையை விடக் கதைதான் நீள்கிறது. மருமகனைக் கராத்தே வகுப்பிலிருந்து கூட்டிவரப் போகும்போது, அடுத்ததாக நடக்கும் பெரியவர்களின் வகுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் வயதுக்காரர்கள் வியர்வையில் நனைந்து, முகம் தெளிந்து வெளியே வருகிறார்கள். அந்தத் தெளிவு எனக்கும் வேண்டும்.

கராத்தே, குத்துச்சண்டை, கிக்பொக்சிங், ஜூடோ ஆகியவற்றில் எது எனக்குப் பொருந்தும்? போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லை. படியேறும்போது இடது முழங்கால் சற்று நோகும். தலையில் அடிபடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அம்மாவோ "இந்த வயதில் சண்டித்தனம் பழகப் போகிறாயா?" என்று கேட்கிறார். பழகியவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பண்ணைக்காற்று எழுதியது:

தம்பி, வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எது கிட்டவோ அதில் சேருங்கள். கோண்டாவிலிலிருந்து தொலைவிலுள்ள பருத்தித்துறைக்குப் பயிற்சிக்குப் போய்வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல ஆசிரியர், நல்ல இடம், எல்லாம் சரி. ஐப்பசி மழை பிடித்ததும் அவர் போவது நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், வருடம் முழுவதும் போகக்கூடிய இடம் எதுவோ அதுதான் உங்களுக்கு நல்ல கலை.

கரவெட்டியான், ரொறன்ரோவிலிருந்து, எழுதியது:

என் பரிந்துரை ஜூடோ. அதில் முதல் பாடமே விழுவதுதான் என்பதால் சொல்கிறேன்.

ஜிகொரோ கானோ 1882இல் டோக்கியோவில் கொடோக்கான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். சிறிய உடம்புக்காரர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டை முறைகளில் ஆளை முடமாக்கும் பிடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து நீக்கி, இரண்டு பேர் முழுப் பலத்தோடு மோதினாலும் இருவரும் எழுந்து வீடு போகக்கூடிய ஒரு முறையை உண்டாக்கினார். 1964இல் டோக்கியோவிலேயே அது ஒலிம்பிக் விளையாட்டும் ஆனது.

விழும் பாடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் குந்தியிருந்து பின்பக்கமாக விழ வேண்டும். நாடி, அதாவது முகவாய், நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கண் இடுப்புப் பட்டியின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பின்தலை தரையில் மோதாது. முதுகு வளைந்து உருண்டு பாயைத் தொடும் அதே கணத்தில் இரண்டு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். கைகள் உடம்பிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, உள்ளங்கை கீழே பார்த்தபடி இருக்கும். விழும் வேகத்தின் ஒரு பங்கை அந்த அறை வாங்கிக்கொள்ளும். கையை மட்டும் ஊன்றவே கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ தோளோ விலை கொடுக்கும். குந்தியிருந்து பழகியதும் நின்றபடி, பிறகு பக்கவாட்டில், பிறகு முன்பக்கம் உருண்டு.

வயது போகப்போக மனிதனைப் படுக்கையில் போடுவது பெரும்பாலும் ஒரு விழுகைதான். கிணற்றடிப் பாசியிலோ மழைநாள் வீதியில் மோட்டார் சைக்கிளோடோ வழுக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்காது. உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

முழங்காலைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஜூடோவில் முழங்கால் முறுக்குப்படும். நோவு உள்ளவர் எறியும் பயிற்சியைக் குறைத்துத் தரையில் பிடிக்கும் பகுதியை அதிகம் செய்யலாம். இன்னொன்று, தரையைப் பாருங்கள். சீமெந்துத் தரையில் மெல்லிய இறப்பர் விரிப்பைப் போட்டு ஆளை எறியப் பழக்கும் இடமென்றால் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சேராதீர்கள்.

குருநகர் மூத்தவன் எழுதியது:

தம்பி, நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் குத்துச்சண்டை பழகியவன். இந்த நாட்டுக்கு அது புதிய விளையாட்டு அல்ல. 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தது குத்துச்சண்டையில்தான்.

உடம்பு தேறுவதற்கு இதைப் போல வேறொன்று இல்லை என்பது என் முடிவு. மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு: 1867ஆம் ஆண்டின் குயின்ஸ்பெரி குத்துச்சண்டை விதிகளிலிருந்து வருகிற கணக்கு அது. மூன்று நிமிடம் என்றால் சின்ன விடயமாகத் தெரியும். குத்துப்பைக்கு முன்னால் நின்று பாருங்கள். முதல் நிமிடம் தோள் வேலை செய்யும். இரண்டாவது நிமிடத்தில் கை தானாகத் தாழத் தொடங்கும். மூன்றாவது நிமிடத்தில்தான் கால் எங்கே நிற்கிறது, மூச்சு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியவரும். குத்து கையிலிருந்து வருவதில்லை. பின்காலின் முன்பாதம் நிலத்தைத் தள்ளித் திரும்ப வேண்டும், இடுப்பு அதோடு திரும்ப வேண்டும், கை கடைசியாகத்தான் போய்ச் சேரும். குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குத்துவார்கள், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் களைக்கிறார்கள்.

கைப்பட்டி கட்டப் பழகாமல் குத்துப்பையைத் தொடாதீர்கள். நாலரை மீற்றர் நீளப் பட்டி வாங்குங்கள். விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். பெருவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக வந்து, மணிக்கட்டில் மூன்று சுற்று. பிறகு விரல் மொளிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாக விட்டெடுத்து, மீதியை மணிக்கட்டில் முடிக்க வேண்டும். முட்டியைப் பொத்தினால் இறுகிப் பிடிக்க வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி விறைத்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். சரியாகக் கட்டாமல், சுண்டுவிரல் பக்கமாகக் குத்துகிறவர்களுக்குத்தான் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிகிறது. பெருமளவில் நடக்கும் காயம் அது.

ஆனால் ஒன்று. எதிரில் ஆள் நிற்காத குத்துச்சண்டை குத்துச்சண்டையே அல்ல. பழகி ஆறேழு மாதத்தில் வளையத்துக்குள் இறங்க வேண்டும். அடி வாங்கினால்தான் பயம் போகும்.

வடமராட்சித் தாதி எழுதியது:

மூத்தவன் அண்ணா கைப்பட்டியைப் பற்றி எழுதியதை அப்படியே அச்சிட்டுப் பயிற்சிக்கூடச் சுவரில் ஒட்டலாம். கடைசிப் பந்தியை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் குத்துச்சண்டைக்காரர்களிடம் கண்ட தள்ளாட்டத்தையும் மறதியையும் 1928இலேயே எழுதிவைத்தார். மயங்கி விழும் பெரிய அடி மட்டுமே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும் சிறிய அடிகளும் வருடக்கணக்கில் சேர்கின்றன. போட்டியாளர் ஒருவர் அந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்கிறார், அது அவருடைய தொழில். சீனியைக் குறைக்க வரும் ஒரு குடும்பஸ்தருக்கு அந்த அடியால் ஒரு துளி நன்மையும் இல்லை. இதயத்துக்கும் தசைக்கும் கிடைக்க வேண்டியது எல்லாம் கயிறடிப்பதிலும் குத்துப்பையிலும் பயிற்சியாளர் பிடிக்கும் திண்டுகளிலும் கிடைத்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு. அதோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு வாரத்தில் இரண்டு முறை ஒழுங்காகப் போனால் பெரும்பங்கு நிறைவேறிவிடும்.

திருநெல்வேலித் தம்பி, நீங்கள் மருந்து எடுக்கவில்லை, ஆகவே பயிற்சியின்போது சீனி சடுதியாக இறங்கும் ஆபத்து உங்களுக்குக் குறைவு. இதை வாசிப்பவர்களில் இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும், கூடப் பழகும் ஒருவருக்காவது விடயம் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணில் கிட்டப்பார்வை மிக அதிகம் உள்ளவர்கள் முகத்தில் அடிபடும் எதையும் தொடக் கூடாது, விழித்திரை கழன்றுவிடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் நான்கு மணிக்கு வகுப்பு என்றால் அது பயிற்சி அல்ல, அவியல். விடியற்காலை அல்லது இருட்டிய பிறகு போங்கள். தலை சுற்றி, வாந்தி வருவது போல இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு சுற்று" என்று உற்சாகப்படுத்துபவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

குருநகர் மூத்தவன் எழுதியது:

தங்கச்சி, தலைக்கவசம் என்று ஒன்று இருக்கிறதே. அதைப் போட்டுக்கொண்டு, பதினாறு அவுன்ஸ் கையுறையோடு மெதுவாக விளையாடினால் என்ன? எதிராளி இல்லாமல் பழகியவன் தூரம் கணிக்கக் கற்பதே இல்லை. பை திருப்பி அடிக்காது.

வடமராட்சித் தாதி எழுதியது:

அண்ணா, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள். கவசம் தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. கவசம் போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் இன்னும் பலமாக அடிப்பவர்களும் உண்டு.

தூரம் கணிக்க வேண்டும் என்பது சரி. தோளையும் வயிற்றையும் மட்டும் தொடும் பயிற்சிச் சண்டை இருக்கிறதே, அதில் தூரமும் வரும், கால் நகர்வும் வரும், பயமும் போகும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவருக்குச் சூடேறினால் பயிற்சியாளர் உடனே சண்டையை நிறுத்த வேண்டும்.

குருநகர் மூத்தவன் எழுதியது:

உடம்பை மட்டும் தொடும் முறை என்றால் எனக்குச் சம்மதம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் இருபது வயதுப் பிள்ளை போட்டிக்குப் போக விரும்பினால் அவனைத் தடுக்காதீர்கள். அது வேறு கதை.

மானிப்பாய் மகள் எழுதியது:

இதுவரை ஆண்கள்தான் பேசியிருக்கிறீர்கள், தாதி அக்காவைத் தவிர. நான் கிக்பொக்சிங் பழகுகிறேன். திருமணமானவள், ஒரு பிள்ளையின் தாய்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் குத்துச்சண்டை வந்ததே 2012இல்தான். நம் பக்கத்தில் 2022இல் முல்லைத்தீவைச் சேர்ந்த இந்துகாதேவி பாகிஸ்தானுக்குப் போய்த் தங்கத்தோடு திரும்பியபோதுதான், இது பெண்கள் செய்கிற காரியம் என்று என் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பத்திரிகைச் செய்தியை என் மாமியார் இரண்டு முறை வாசித்தார். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

பயிற்சியில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது உதையோ குத்தோ அல்ல, சத்தம். அடிக்கும்போது வயிற்றிலிருந்து குரலை வெளியே எறியச் சொன்னார் ஆசிரியர். என் வாய் திறந்தது, குரல் வரவில்லை. வகுப்பில் இருந்த மற்றப் பெண்களுக்கும் அப்படித்தான். மெல்லப் பேசு, மெல்லச் சிரி, மெல்ல நட என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கால் பழகிய பிறகும் வெகுநாள் குரல் பழகவில்லை. ஒரு நாள் அது வந்தது. கூரை வரை போனது. அதற்குப் பிறகு பஸ்ஸில் உரசிக்கொண்டு நிற்பவனைப் பார்த்து "தள்ளி நில்லுங்கள்" என்று சொல்ல எனக்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை.

பெண்கள் சேரும் முன் பார்க்க வேண்டியவை வேறு. வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா? உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா? நிலையைத் திருத்தும்போது ஆசிரியர் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, கேட்காமலே தொடுகிறாரா? கடைசிக் கேள்விக்கு விடை சரியில்லை என்றால் கட்டிய பணத்தைப் பற்றி யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

நல்லூர் வடக்கு எழுதியது:

நான் மூன்று ஆண்பிள்ளைகளின் தாய். திருநெல்வேலித் தம்பியின் அம்மா கேட்ட கேள்வியை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வயதுப் பெண்களுக்கு, பொடியன்கள் கூட்டமாகச் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள் என்றாலே நெஞ்சு பதறும். அந்தக் காலம் அப்படி. உள்நாட்டுப் போர் முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும், வாள்வெட்டு, வீடு புகுந்து அடிப்பு என்று செய்தி வரும்போது யாருடைய பிள்ளையோ என்றுதான் முதலில் தோன்றும். அடிக்கப் பழக்கும் இடம் அடக்கத்தையும் பழக்குகிறதா என்று ஒரு தாய் எப்படித் தெரிந்துகொள்வது?

சுன்னாகம் சென்சேய் எழுதியது:

அம்மா, இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது. கராத்தே கற்பிக்கிறவன் என்ற முறையில் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

வகுப்புக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், மூத்த மாணவர்களைப் பாருங்கள். கறுப்புப் பட்டிக்காரன் புதிதாக வந்த மெலிந்த பையனோடு சோடி சேரும்போது அடியின் பலத்தைக் குறைக்கிறானா, கூட்டுகிறானா? குறைத்தால் அங்கே அடக்கம் பழக்கப்படுகிறது. கூட்டினால், அதைக் கண்டும் ஆசிரியர் பேசாமல் நின்றால், உங்கள் பிள்ளையை அங்கே விடாதீர்கள். வீதியில் கை நீட்டிய மாணவனை என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேளுங்கள். என் வகுப்பில் அப்படிப்பட்டவனுக்கு மறுநாள் இடமில்லை, பெற்றோரையும் அழைத்துச் சொல்வேன். வன்முறைக்குப் போகும் பொடியன்களில் பலருக்குப் பின்னேரம் போக ஓர் இடம் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவர் இல்லை. நல்ல வகுப்பு அந்த இரண்டையும் கொடுக்கிறது.

பட்டி வியாபாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் துறையின் பெயரைக் கெடுப்பது அதுதான். மாதத்துக்கொரு தேர்வு, தேர்வுக்கொரு கட்டணம், ஒன்றரை வருடத்தில் கறுப்புப் பட்டி என்று நடத்தும் இடங்கள் இருக்கின்றன. ஒழுங்காகப் பழகும் ஒருவருக்குக் கறுப்புப் பட்டி வர நான்கைந்து வருடம் ஆகும். கிச்சின் புனகோஷி ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து 1922இல் கராத்தேயைச் செய்து காட்டியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முப்பத்தாறு பிந்திய வயதே அல்ல, தம்பி.

உங்கள் முழங்காலுக்குக் கராத்தேயின் தாழ்ந்த நிலைகள் சிரமம் தரலாம். உயர்த்தி நிற்க அனுமதிக்கும் ஆசிரியரிடம் போங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே பயிற்சிச் சண்டையில் இறக்கிவிடும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

சிலம்பன் எழுதியது:

எல்லோரும் கடல் தாண்டி வந்த கலைகளையே பேசுகிறீர்கள். சிலம்பம் இருக்கிறது. நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் தடி, ஒரு வெறும் வளவு, போதும். காலடி வைப்பு பழகவே மாதக்கணக்காகும். தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் சுழலும். தனியே வீசிப் பழகினால் தலையில் அடி என்ற பேச்சே இல்லை. கோயில் திருவிழாவில் ஆடுவதோடு நின்றுவிட்ட கலை என்று நினைக்காதீர்கள்.

கரவெட்டியான், ரொறன்ரோவிலிருந்து, எழுதியது:

சிலம்பன், நீங்கள் எங்கே பழக்குகிறீர்கள்? ஆடி மாதம் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிவர விருப்பம்.

சிலம்பன் எழுதியது:

தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். திருவிழாவின் 25 நாளும் எங்களுக்கு வகுப்பு இல்லை, ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே வாருங்கள்.

திருநெல்வேலி வாசி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கிட்ட உள்ள இடங்களுக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் பார்க்க விடவே இல்லை, பணம் கட்டிய பிறகுதான் உள்ளே வரலாம் என்றார்கள். அதை விட்டுவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு குத்துச்சண்டை வகுப்பு இருக்கிறது. பின்னேரம் ஆறரைக்கு. பயிற்சியாளரிடம் தலையில் அடிபடும் எதிலும் சேர மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். "உங்களைப் போல வருபவர்கள்தான் இங்கே பாதிப்பேர்" என்றார். முழங்காலைக் கேட்டறிந்து, குதித்துக் கயிறடிப்பதற்குப் பதிலாகக் கால் மாற்றி மெல்ல அடிக்கச் சொன்னார். மூத்த மாணவர் ஒருவர் புதிய பையனுக்குக் கைப்பட்டி கட்டிக் காட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன், சென்சேய் சொன்ன சோதனையில் அவர்கள் தேறிவிட்டார்கள்.

அங்கே பொதுவான கையுறைகள் இருக்கின்றன. சொந்தமாக வாங்க வேண்டுமா? எத்தனை அவுன்ஸ்? என் எடை எழுபத்தெட்டு கிலோ.

வடமராட்சித் தாதி எழுதியது:

சொந்தமாக வாங்குங்கள். பலர் போட்டுக் கழற்றிய ஈரக் கையுறையும் துடைக்காத பாயும் படர்தாமரையை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் குளியுங்கள், கைப்பட்டியை ஒவ்வொரு முறையும் தோயுங்கள்.

குருநகர் மூத்தவன் எழுதியது:

உங்கள் எடைக்குக் குத்துப்பைக்கும் திண்டுக்கும் பதினான்கு அவுன்ஸ் சரியாக இருக்கும். ஆளோடு தொட்டுப் பழகும் கட்டம் வரும்போது பதினாறு. கடையில் கைப்பட்டி கட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள், வெறும் கையில் அளவு பார்த்தால் பிறகு இறுகும். மணிக்கட்டு வார் அகலமாக இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். நேர் வெயிலிலும் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, வாயை விரித்து, காற்றுப் படும் நிழலில் வையுங்கள். விடிய முன் தாளை எடுத்துவிடுங்கள்.